ஒலிம்பியா, 1975 மே 28: சபைக்குப் பிடிபடாமல் போன ஒரு லூப் கச்சேரி

ராபர்ட் ஃப்ரிப்பும் பிரையன் ஈனோவும் 1975 மே 28 அன்று பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் வாசித்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் எதை எதிர்பார்த்து வந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஃப்ரிப் கிங் கிரிம்சன் குழுவின் கிடார்காரர். எட்டு மாதம் முன்பு, 1974 செப்டம்பரில்தான் அந்தக் குழுவைக் கலைத்திருந்தார். ஈனோ ராக்ஸி மியூசிக் குழுவில் இறகும் மினுமினுப்புமாக உடுத்திக்கொண்டு சிந்தசைசர் வாசித்தவர், 1973இல் விலகித் தனியாக ஆல்பம் போட ஆரம்பித்திருந்தார். அரங்கமும் சாதாரண அரங்கமல்ல. சுமார் 2000 பேர் உட்காரும் கூடம், எடித் பியாஃப் பாடிய மேடை, 1964இல் பீட்டில்ஸ் மூன்று வாரம் வாசித்த மேடை. அப்படிப்பட்ட இடத்துக்கு வருகிறவர்கள் பாட்டு கேட்கத்தான் வருவார்கள்.

கிடைத்தது வேறு. மேடை கிட்டத்தட்ட இருட்டு. பின்னால் திரையில் மால்கம் லெ க்ரைஸ் எடுத்த சோதனைப் படம்: ஒரு குதிரை வட்டமாக ஓடுகிறது, மறுபடி ஓடுகிறது, நிறம் மாறி மறுபடி ஓடுகிறது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பாடகர் இல்லை. ஒருவர் உட்கார்ந்தபடி கிடாரில் நீண்ட சுரங்களை இழுக்கிறார். இன்னொருவர் டேப் ரெக்கார்டருக்கும் சிந்தசைசருக்கும் நடுவில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து வாசித்த அந்தச் சிறிய சுற்றுப்பயணம் பல ஊர்களிலும் ரசிகர்களைச் சோதித்தது. பழைய குழுக்களின் பாட்டு வரும் என்று காத்திருந்தவர்கள் விசிலடித்தார்கள், கத்தினார்கள்.

ரசிகர்களுக்குப் பழைய பாட்டு கிடைக்கவில்லை, அதனால் கோபம் என்று இந்தக் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. அந்த இரவில் பிசகியது இன்னும் அடிப்படையான ஒன்று என்று நினைக்கிறேன். காதில் விழும் ஒலி எப்போது, யார் கையிலிருந்து பிறந்தது என்று சபைக்குத் தெரிய வழியில்லை. நேரலையில் சாம்ப்ளிங் செய்து, அதாவது ஒலியைப் பிடித்து வைத்துத் திரும்ப ஒலிக்க விட்டு, மனோதர்மமாக வாசிக்கிற எல்லாருக்கும் இன்றுவரை இருக்கிற சிக்கல் இது. ஒலிம்பியாவில் அது முழு அளவில் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்த இருவரும் அதே சிக்கலுக்கு நேரெதிரான இரண்டு பதில்களைத் தேடிப் போனார்கள். இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

கருவி

முதலில் கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கதையாகிவிடும்.

இரண்டு ரீல் டேப் ரெக்கார்டர்கள். ஈனோ வைத்திருந்தது ரெவாக்ஸ் ஏ77, அந்தக் காலத்தில் வீட்டு ஸ்டுடியோக்களில் சகஜமாக இருந்த மெஷின். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது மெஷினிலிருந்து புறப்படும் டேப்பை அதன் சொந்த ரீலில் சுற்ற விடாமல் காற்றில் இழுத்துக்கொண்டு போய் வலது மெஷினில் மாட்ட வேண்டும். இடது மெஷின் பதிவு செய்யும். வலது மெஷின் அதைப் படித்துக் காட்டும். வலது மெஷினிலிருந்து வரும் ஒலி ஸ்பீக்கருக்கும் போகிறது, மிக்ஸர் வழியாகத் திரும்ப இடது மெஷினின் உள்ளீட்டுக்கும் போகிறது. அவ்வளவுதான்.

டேப் வினாடிக்கு 7½ அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மெஷின்களின் ஹெட்டுகளுக்கு (டேப்பில் எழுதும், படிக்கும் முனைகளுக்கு) நடுவே 30 அங்குலம் இருந்தால், வாசித்த சுரம் 4 வினாடி கழித்துத் திரும்ப வரும். திரும்பி வந்த சுரம் புதிதாக வாசிக்கும் சுரத்தோடு சேர்ந்து மறுபடி பதிவாகும், அதற்கடுத்த 4 வினாடியில் இரண்டும் சேர்ந்து வரும். மெஷினை அரையடி தள்ளி வைத்தால் கால இடைவெளி நீளும். மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றிச் செய்வதை அன்று மேசையை நகர்த்திச் செய்தார்கள்.

எவ்வளவு திரும்ப அனுப்புவது என்பதுதான் இதில் உண்மையான வாத்தியம். ஒவ்வொரு சுற்றிலும் 80 சதவீத அளவு திரும்பப் போகிறது என்றால், ஐந்து சுற்றில், அதாவது 20 வினாடியில், அந்தச் சுரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பத்து சுற்றில் பத்தில் ஒரு பங்கு. குமிழை 95க்கு ஏற்றினால் சுரம் நிமிடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். 100ஐத் தாண்டினால் ஒலி தானாக வளர்ந்து, வெடித்து, எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒவ்வொரு முறை பதிவாகும்போதும் டேப்பின் இரைச்சல் கொஞ்சம் கூடுகிறது, மேல்ஸ்தாயிப் பளபளப்பு கொஞ்சம் குறைகிறது. அதனால் பழைய சுரங்கள் சத்தம் குறைவது மட்டுமல்ல, மங்கவும் செய்கின்றன. புதிய சுரம் முன்னால், பழையது பின்னால் என்று ஒரு ஆழம் தானாகவே உருவாகிறது. ஆம்பியன்ட் என்று சொல்லும், பின்னணியில் மிதக்கும் சூழல் இசையில் நாம் ரசிக்கும் அந்தத் தூரத்து மங்கல் முதலில் டேப்பின் குறைபாடாகத்தான் வந்தது.

இந்த ஏற்பாட்டில் அழிக்கும் பட்டன் கிடையாது. தப்பான சுரம் ஒன்று விழுந்துவிட்டால் அது தேய்கிறவரை கூடவே இருக்கும். ராகம் மாற்றுவதும் லேசில்லை, ஏனென்றால் பழைய ராகத்தின் சுரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே வாசிப்பவர் தானாகவே ஒரு ஆதார சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அதோடு ஒத்துப்போகும் சில சுரங்களுக்குள் நிற்பார். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் ஏதோ தெரிந்த வாடை அடித்தால் அது வெறும் பிரமை இல்லை. இந்த டேப் முறையைப் பிரபலப்படுத்திய அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1970 முதல் பண்டித பிரான்நாத்திடம் இந்துஸ்தானி கற்றவர். ஆனால் அவர் டேப்பைத் தொட்டது அதற்கும் முன்பு.

அதுவும் பாரிஸில்தான். 1963இல் ஒரு நாடகத்துக்கு இசை அமைக்க ரைலி அங்கே பிரெஞ்சு வானொலியின் ஸ்டுடியோவில் இருந்தார். செட் பேக்கரின் ஜாஸ் குழு வாசித்த பதிவுகள் கையில் இருந்தன. தனக்கு வேண்டிய நீண்ட எதிரொலியைப் பற்றி அவர் சொல்ல, அங்கிருந்த பொறியாளர் இரண்டு மெஷின்களுக்குக் குறுக்கே டேப்பை இழுத்து மாட்டிக் காட்டினார். ரைலி பின்னர் இதை வைத்துக்கொண்டு சாக்ஸபோனும் ஆர்கனுமாக இரவு முழுக்க வாசிக்கும் கச்சேரிகளையே நடத்தினார். இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1966இல் டொரண்டோவில் ஆசிலேட்டர்களையும் டேப் டிலேயையும் வைத்து, வெட்டு ஒட்டு எதுவும் இல்லாமல், வாசித்தபடியே முழு உருப்படிகளைப் பதிவு செய்தார். ஃப்ரிப்பும் ஈனோவும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் செய்தது அதை ராக் ரசிகர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த மே மாதத்துக்கு முன்

இருவரும் முதலில் சேர்ந்து பதிவு செய்தது 1972 செப்டம்பர் 8 அன்று, ஈனோவின் வீட்டில். ஃப்ரிப் கிடாரோடு வந்து, மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று அதிகம் கேட்காமல் வாசிக்கத் தொடங்கினார். 21 நிமிடம் நீளும் அந்த உருப்படி 1973இல் வெளியான அவர்களின் முதல் ஆல்பத்தின் ஒரு பக்கம் ஆனது. அங்கே லூப் (சுற்றிச் சுற்றித் திரும்பி வரும் ஒலி) முழுக்க அப்போதே பிறந்தது, முன்கூட்டித் தயாரித்தது எதுவும் இல்லை.

1975இல் நிலைமை மாறியிருந்தது. ஜனவரியில் ஈனோ ஒரு விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். தோழி ஒருவர் 18ஆம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஓடும்போது சத்தம் மிகக் குறைவாக இருந்தது, எழுந்து போய்க் கூட்ட அவருக்குத் தெம்பில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவில் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். ஆம்பியன்ட் பற்றி யார் எழுதினாலும் இந்தக் கதை வந்துவிடும், அதனால் நான் நீட்டப் போவதில்லை.

அவ்வளவாகப் பேசப்படாத பகுதி அடுத்தது. மே 9 அன்று ஈனோ தன் ஸ்டுடியோவில் சிந்தசைசரில் இரண்டு சிறிய மெட்டுகளைப் போட்டு, ஈக்வலைசர், எக்கோ, பிறகு அந்த இரட்டை டேப் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகக் கடக்க விட்டு ஒரு நீண்ட பதிவைத் தயாரித்தார். எதற்கு? வரவிருக்கும் கச்சேரிகளில் ஃப்ரிப் மேலே கிடார் வாசிக்க ஒரு பின்னணி வேண்டும் என்பதற்கு. அந்தப் பதிவுதான் வேகம் குறைக்கப்பட்டு, அதே ஆண்டின் இறுதியில் ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ என்ற பெயரில் வெளிவந்தது. ஆம்பியன்ட் வகைமையின் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக எல்லாரும் வைத்துப் போற்றுகிற அந்த அரைமணி நேரம், ஒலிம்பியாவிலும் மற்ற ஊர்களிலும் கிடாருக்கு அடியில் விரிக்கத் தயாரான துணி. அதன் ஒரு பகுதி ஒலிம்பியாவில் ஒலிக்கவும் செய்தது.

எங்கே பிசகியது

ஆக, மேடையில் மூன்று காலங்கள் ஒன்றாக ஓடின. ஃப்ரிப் இந்த நொடியில் வாசிப்பது ஒன்று. சில வினாடிகளுக்கு முன் வாசித்து, ஈனோவின் கை வழியாகத் திரும்பி வருவது இரண்டு. சில வாரங்களுக்கு முன் ஸ்டுடியோவில் தயாரித்து டேப்பில் கொண்டுவந்தது மூன்று. மேடையில் இருந்த இருவருக்கும் எது எது என்று தெரியும். கீழே இருட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு மூன்றும் ஒரே புகைமூட்டம்.

ஃப்ரிப்பின் கிடார் இதை இன்னும் கடினமாக்கியது. ஒலியைக் கரகரப்பாக்கி நீட்டும் ஃபஸ் பெடல் வழியாக அவர் எடுக்கும் சுரத்தில் தந்தியைத் தெறிக்கும் ‘டிங்’ சத்தம் கேட்காது. வில் வைத்து இழுப்பது போல் மெல்ல எழுந்து நிற்கும். தொடக்கம் கேட்காத சுரம் எங்கிருந்து வந்தது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால் பிடிக்கலாம் என்றால் மேடை இருட்டு. போதாக்குறைக்குத் திரையில் குதிரை ஓடுகிறது, கண் அங்கே போய்விடுகிறது. (படம் நல்ல படம்தான். லூப் இசைக்கு லூப் படம் என்ற யோசனையும் பொருத்தம்தான். ஆனால் கேட்பவர் கவனத்தை வாசிப்பவர் கையிலிருந்து திருப்பியதில் அதற்குப் பங்கு உண்டு.)

மனோதர்மக் கச்சேரியில் சபை எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது? இப்போது இவர் என்ன செய்யப் போகிறார் என்பதற்காக. ஆபத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாம்ப்ளிங்கில் அந்த ஆபத்து உண்டு, மேலே சொன்னது போல் தப்புச் சுரம் 40 வினாடி உயிரோடு இருக்கும். ஆனால் அந்தச் சுரம் விழுந்ததைக் கவனித்தவருக்குத்தான் அது திரும்பி வரும்போது பொருள் உண்டு. விழுந்ததே தெரியாதவருக்கு அது பின்னணிச் சத்தம். இத்தனைக்கும் அன்று ஈனோ செய்த வேலை, திரும்பி வரும் அளவைக் கூட்டிக் குறைத்து, கிடாரின் நிறத்தை மாற்றி, எப்போது மூழ்க விடுவது என்று தீர்மானிப்பது, முழுக்க முழுக்க வாசிப்புதான். குமிழைத் திருகுகிற கை சங்கீதம் செய்கிறது என்று 2000 பேருக்குப் புரியவைக்க அந்த மேடை எந்த உதவியும் செய்யவில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும் கூட. ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மிதப்பதுதானே ஆம்பியன்ட்டின் சுகம்? மூலத்தைக் காட்டினால் மாயம் போய்விடாதா? இதற்கு அந்தக் கச்சேரியிலேயே பதில் இருக்கிறது. அன்று இரவு வாசித்த ஒரு பகுதி அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ‘ஈவினிங் ஸ்டார்’ ஆல்பத்தில் ‘விண்ட் ஆன் வாட்டர்’ என்ற பெயரில் இடம்பெற்றது. ஸ்டுடியோப் பதிவுகளோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, துருத்திக்கொண்டு தெரியவே தெரியாது. வீட்டில் கேட்கும்போது அது அழகு. சோபாவில் சாய்ந்திருப்பவர் ‘யார் கை?’ என்று கேட்பதில்லை. காசு கொடுத்து வரிசையில் நின்று, மேடையைப் பார்த்து உட்கார்ந்தவர் கேட்பார். ஒரே ஒலிதான், அதனிடம் கேட்பவர் வைக்கும் கேள்விதான் வேறு.

இரண்டு பதில்கள்

ஈனோவின் பதில்: வாசிப்பவரையே எடுத்துவிடு. மேடை இல்லை என்றால் மேடையின் கேள்வியும் இல்லை. 1970களின் கடைசியில் வந்த ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ இதன் உச்சம். அதில் ஒரு பகுதியில் குரல் சுரங்கள் தனித்தனி லூப்களில் ஓடுகின்றன. ஒன்று 23½ வினாடிக்கு ஒருமுறை வரும், இன்னொன்று 25⅞ வினாடிக்கு, மற்றொன்று கிட்டத்தட்ட 30 வினாடிக்கு. நீளங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் சேர்க்கைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஓட விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். மனோதர்மத்தை மனிதரிடமிருந்து பிடுங்கி டேப்பிடம் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் கச்சேரி என்ற வடிவத்திலிருந்து அவர் அத்துடன் கிட்டத்தட்ட விடைபெற்றுக்கொண்டார் என்பது உண்மை.

ஃப்ரிப்பின் பதில் எனக்கு இன்னும் சுவாரசியமானது. மெஷினை மாற்றவில்லை, கிடாரை மாற்றவில்லை. அறையை மாற்றினார். 1979இல் ‘ஃப்ரிப்பர்ட்ரானிக்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஒரு நீண்ட சுற்றுப்பயணம் போனார். தனி ஆள், ஒரு கிடார், இரண்டு ரெவாக்ஸ். வாசித்த இடங்கள் இசைத்தட்டுக் கடைகள், உணவகங்கள், சிறிய கூடங்கள். ஜனங்கள் சில அடி தூரத்தில் உட்கார்ந்தார்கள். டேப் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கண்ணெதிரே தெரியும். நடுநடுவே பேசுவார், கேள்வி கேட்டால் பதில் சொல்வார்.

வாசித்த ஒழுங்கும் முக்கியம். மௌனத்திலிருந்து தொடங்குவார். ஒரு சுரம். அது திரும்பி வருவதை எல்லாரும் கேட்பார்கள். அடுத்த சுரம் அதன்மேல். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, சில நிமிடங்களில் ஒரு முழு இழை உருவாகும். அதன் பிறகு அந்த டேப்பைத் திரும்ப ஓட விட்டு, அதன்மேல் தனி வாசிப்பு. முன்கூட்டித் தயாரித்த டேப்பைக் கொண்டுவரவில்லை. பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சுரமும் பிறந்ததைப் பார்த்த சாட்சிகள்தான் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிம்பியாவில் குழம்பிப்போன மூன்று காலங்களை இங்கே வரிசையாகப் பிரித்து வைத்துவிட்டார்.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, என் வாதம் நிரூபணம்’ என்று சொல்லிவிட முடியாது. 1979இல் வந்தவர்கள் என்ன கேட்கப் போகிறோம் என்று தெரிந்து வந்தவர்கள், கிங் கிரிம்சன் கலைந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. எதிர்பார்ப்பு, அறை, வாசிக்கும் ஒழுங்கு என்று மூன்றும் ஒரே நேரத்தில் மாறின. ஆனாலும் ஃப்ரிப் வேண்டுமென்றே சின்ன இடங்களைத் தேர்ந்தெடுத்ததும், மெஷினை மறைக்காததும், தயாரித்த லூப்களைக் கைவிட்டதும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. நேரெதிரான தவறிலிருந்து பாடம் படித்தவர்தான் இவ்வளவு துல்லியமாகத் திருத்துவார்.

சாம்ப்ளர் வந்த பிறகு

டிஜிட்டல் சாம்ப்ளர் வந்ததும் சிக்கல் பெரிதானது. டேப் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், தேர்ந்தெடுக்காது. சாம்ப்ளர் தேர்ந்தெடுக்க விடும். 1988இல் வந்த அகாய் எம்பிசி60 என்ற சாம்ப்ளரில் விரலால் தட்ட 16 பேடுகள், கூடுதல் மெமரி போடாவிட்டால் சுமார் 13 வினாடி ஒலிதான் பிடிக்கும். பிடித்ததை எந்த வரிசையிலும், எந்த ஸ்தாயியிலும் தட்டலாம். மெமரி வளர வளர, இன்று லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஒலியை வைத்துக்கொண்டு வரலாம். அப்புறம் மேடையில் நிற்பவர் இப்போது பிடித்ததைத் தட்டுகிறாரா, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத் தட்டுகிறாரா, ஈமெயில் பார்க்கிறாரா என்று யாருக்குத் தெரியும்?

நிரல் எழுதியே நேரலையில் இசைப்பவர்கள் 2004இல் டாப்லாப் என்ற அமைப்பாகச் சேர்ந்தபோது தங்கள் கொள்கைகளில் ஒன்றாக, திரையைச் சபைக்குக் காட்டு என்று எழுதி வைத்தார்கள். லேப்டாப் திரையைப் புரொஜெக்டரில் போட்டுவிட்டு வாசிப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓடும் நிரலைப் படித்துக்கொண்டே இசை கேட்கிற சபை எத்தனை ஊரில் கிடைக்கும்? மறைக்கவில்லை என்ற நம்பிக்கை வரும், புரியும் என்று சொல்ல முடியாது.

நான் அறிந்தவரை நேர்த்தியான விடை நார்வேயிலிருந்து வந்தது. கிறிஸ்தியான்சாண்ட் நகரில் யான் பாங், எரிக் ஹொனோரே இருவரும் 2005இல் தொடங்கிய புன்க்ட் விழாவின் மையமே நேரலை ரீமிக்ஸ். ஒரு குழு வாசித்து முடிக்கும். உடனே, அதே இரவில், வேறு கலைஞர்கள் அந்தக் கச்சேரியிலிருந்து எடுத்த ஒலிகளை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை மனோதர்மமாக வாசிப்பார்கள். யான் பாங் மற்ற வாத்தியக்காரர்களின் ஒலியை அவர்கள் வாசிக்கும்போதே சாம்ப்ளரில் பிடித்து அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதில் பெயர் பெற்றவர். இந்த ஏற்பாட்டின் அழகு இதுதான்: மூல ஒலியை சபை சற்று முன்புதான் கேட்டிருக்கிறது. ட்ரம்பெட்டின் ஒரு மூச்சு ரீமிக்ஸில் தலைகீழாக, இரண்டு ஸ்தாயி கீழே, நீண்டு வந்தால், ‘அட, இது அதுதானே’ என்று காது பிடித்துக்கொள்கிறது. திரையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். கேட்பவர் நினைவே மூன்றாவது டேப் மெஷினாகிவிடுகிறது.

ஒலிம்பியாக் கச்சேரி 2014இல் ஃப்ரிப்பின் டிஜிஎம் நிறுவனம் வழியாக மூன்று தட்டுகளாக அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது. அதற்கு முன் நெடுங்காலம் தரம் குறைந்த திருட்டுப் பதிவாகத்தான் கைமாறிக்கொண்டிருந்தது. இந்த வெளியீட்டில் கச்சேரி இரண்டு தட்டுகள். மூன்றாவது தட்டில் ஈனோ கொண்டுவந்த பின்னணி லூப்கள் தனியாக இருக்கின்றன. வாங்குகிறவர்கள் வழக்கத்துக்கு மாறாக மூன்றாவது தட்டை முதலில் கேளுங்கள். லூப்கள் காதில் கொஞ்சம் பழகிய பிறகு கச்சேரியைப் போடுங்கள். எது ஸ்டுடியோவிலிருந்து வந்தது, எது ஃப்ரிப் அந்த இரவில் வாசித்தது, எது அவர் கையை விட்டுப் போய் ஈனோ வழியாகத் திரும்பியது என்று ஓரளவு பிரித்தெடுக்க முடியும். 1975இல் அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.